ஜெகதீஷ் சந்திர போஸும் 755840-ம் நம்பர் பேட்டண்டும்

படப்பை தாண்டி சேரப்பணஞ்சேரி வழியா ஒரகடம் போற ரோட்டுல தினமும் பஸ்ல வர்றவங்களுக்கு கண்டெய்னர் லாரி ஒண்ணும் புதுசு இல்ல. ஒரகடம் பக்கம் காரும் டயரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனா செல்போன். பெட்டி மேல இந்தியாவில் தயாரிக்கப்பட்டதுன்னு அச்சடிச்சிருக்கும், அது உண்மைதான். ஆனா உள்ளே இருக்கிற ரேடியோ, சிப், கேமரா, டிஸ்ப்ளே எல்லாத்துக்கும் பின்னாடி ஆயிரக்கணக்கான பேட்டண்டுகள் இருக்கு. ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு தேதியில், ஒருத்தர் பெயரில் பதிவானது. பேட்டண்ட் என்றால் காப்புரிமை: ஒரு கண்டுபிடிப்பை நீ முழுசா எழுதிக் கொடு, பதிலுக்குக் குறிப்பிட்ட வருஷங்கள் உன் அனுமதி இல்லாமல் யாரும் அதைச் செய்யக்கூடாது என்று அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

அந்த செல்போனுக்கு அடிப்படையான இரண்டு விஷயங்களை, ரேடியோ அலையையும் செமிகண்டக்டரையும், உலகத்தில் ரொம்ப சீக்கிரமே கையில் எடுத்தவர் ஒரு இந்தியர். செடிக்கும் உணர்ச்சி உண்டுன்னு சொன்ன விஞ்ஞானின்னு ஸ்கூல்ல ஒரு பாராவில் படிச்சுட்டு விட்டோமே, அவரேதான். ஜெகதீஷ் சந்திர போஸ். அவருக்கும் பேட்டண்டுக்கும் இருந்த உறவு சாதாரணமானது இல்லை. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அந்தக் கதை நிச்சயம் தேவைப்படும்.

தாய்மொழியில் படித்த பையன்

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30, இன்றைய பங்களாதேஷில் இருக்கும் மைமன்சிங்கில். அப்பா பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் போடுவதுதான் வழக்கம். இவர் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அப்பாவிடம் வேலை பார்த்தவரின் மகனும் ஒரு மீனவரின் மகனும். அவர்கள் சொன்ன பறவை, மீன், செடி கதைகள்தான் இயற்கை மேல் தனக்கு ஆர்வத்தைக் கொடுத்தன என்று போஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். அங்கே இயற்பியல் நடத்திய ஃபாதர் லாஃபோன் சோதனை செய்து காட்டித்தான் பாடம் எடுப்பார். அந்தப் பழக்கம் மாணவனிடமும் ஒட்டிக்கொண்டது. 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துக்கவில்லை, ஒரு வருஷத்தில் விட்டுவிட்டார். டிபார்ட்மெண்ட் மாறினார்னு நம்ம பாஷையில சொல்லலாம். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார், ஆசிரியர்களில் ஒருவர் லார்ட் ரேலி. 1884-ல் டிகிரி.

சம்பளம் வாங்காத மூன்று வருஷம்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை. அப்போது ஒரு விதி இருந்தது. அதே வேலையைச் செய்யும் ஐரோப்பியருக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்குச் சம்பளம். போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. அவர் வேலையை விடவில்லை, சத்தம் போடவில்லை. சம்பளத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மூன்று வருஷம் ஒரு நாள் தவறாமல் பாடம் நடத்தினார். வீட்டிலோ அப்பாவின் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கல்லூரி இறங்கி வந்தது. நிரந்தர நியமனமும் முழுச் சம்பளமும் பழைய பாக்கியோடு கிடைத்தன. அந்தப் பணம் கடனை அடைக்கப் போனது.

இதற்கு நடுவே 1887-ல் கல்யாணம். மனைவி அபலா தாஸுக்கு நம்ம ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத காலத்தில், அவர் மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தவர். உடல்நிலை சரியில்லாமல் படிப்பு பாதியில் நின்றது. பின்னாளில் பெண் கல்விக்காகவே வாழ்ந்தார்.

சணலும் ரயில்வே டைம்டேபிளும்

ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் மின்காந்த அலை இருப்பதை நிரூபித்த பிறகு உலகம் முழுக்கப் பலர் அதன் பின்னால் போனார்கள். பெரும்பாலோர் நீளமான அலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். 1894-ல் ஆராய்ச்சியைத் தொடங்கிய போஸ் எதிர்ப்பக்கம் போனார். ஒளியின் குணங்களை இந்த அலைகளிலும் பார்க்க வேண்டுமானால் அலைநீளம் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 5 மில்லிமீட்டர் வரை இறங்கினார். ஈசிஈ காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அது 60 கிகாஹெர்ட்ஸ். 5ஜி பாடத்தில் இன்னிக்குப் படிக்கிற மில்லிமீட்டர் அலை.

லேப் என்று சொல்ல ஒரு குட்டி அறை. கருவி செய்ய உள்ளூர் தகர வேலைக்காரர் ஒருவர். அலையைத் தளவிளைவு செய்ய, அதாவது போலரைஸ் செய்ய, விலையுயர்ந்த பொருள் கிடையாது. முறுக்கிய சணலை வைத்துப் பார்த்தார், வேலை செய்தது. ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே தகரத்தாள் செருகிப் பார்த்தார், அதுவும் வேலை செய்தது. இன்று மைக்ரோவேவ் லேபில் நாம் தொடும் ஹார்ன் ஆண்டெனாவின் முன்னோடி வடிவமும் அந்த மேஜையில் இருந்தது.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் செய்து காட்டினார். அலை துணை ஆளுநரின் உடம்பைத் தாண்டி, சுவர்களைத் தாண்டி, சுமார் 75 அடி தூரத்தில் இருந்த மணியை அடித்தது. வெடிமருந்தையும் பற்றவைத்தது. நடுவே ஒரு கம்பியும் இல்லை. 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டிஎஸ்சி பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவிகளை எல்லாருக்கும் திறந்து காட்டி விளக்கினார். எதையும் மறைக்கவில்லை. அந்த மேடையிலிருந்து கொஞ்சம் பணம் பண்ண முடியும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

1901 மே மாதம்

அப்போதைய பெரிய பிரச்சினை, வரும் அலையைப் பிடிக்கும் கருவி. கோஹீரர் என்று பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் உலோகத் தூள் இருக்கும். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் ஓடும். அடுத்த சிக்னல் வரும்முன் குழாயைத் தட்டித் தூளைப் பிரிக்க வேண்டும். தட்டவில்லை என்றால் செவிடு. போஸ் தூளுக்குப் பதிலாக இரும்புக்கு நடுவே பாதரசத்தை வைத்து, தட்டாமலே தானாக மீளும் கருவியை உருவாக்கினார். கூடவே டெலிபோன் ரிசீவர், காதில் கேட்க. 1899 ஏப்ரலில் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வாசிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் படித்துச் செய்துகொள்ளலாம்.

1901 மே மாதம் மறுபடியும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேச லண்டனில் இருந்தார். பேச்சுக்குச் சற்று முன்னால், ஒரு பெரிய டெலிகிராஃப் கம்பெனியின் முதலாளி அவசரமாகப் பார்க்க வந்தார். இன்றைய பேச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டாம், பேட்டண்ட் எடுத்துத் தருகிறேன், செலவு என்னுடையது, லாபத்தில் பாதி உங்களுக்கு என்று சொல்லி, விண்ணப்பத் தாளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். போஸ் மறுத்தார். தன் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லி, அந்த நாட்டின் பண வெறியைப் பார்த்து வருத்தப்பட்டார். அந்தப் பொறிக்குள் ஒருமுறை மாட்டினால் வெளியே வர வழியில்லை என்பது அவர் பயம். திட்டமிட்டபடியே போய், எல்லாவற்றையும் சொன்னார்.

இதை வெறும் அப்பாவித்தனம்னு நினைச்சுடாதீங்க. மூன்று வருஷம் சம்பளத்தைத் தொடாமல் கல்லூரியை வழிக்குக் கொண்டுவந்த ஆள் அவர். பணத்தின் அருமை தெரியும். அறிவு எல்லாருக்கும் பொது, அதற்கு வேலி போடக்கூடாது என்பது யோசித்து எடுத்த முடிவு.

செப்டம்பர் மாதம் நடந்த இரண்டு விஷயங்கள்

அதே வருஷம் செப்டம்பரில் இரண்டு விண்ணப்பங்கள் இரண்டு நாடுகளில் போயின.

ஒன்று லண்டனில். கொடுத்தவர் மார்க்கோனி. கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசத் துளி, இரண்டு பக்கமும் உலோக, கரி முனைகள், கேட்க ஒரு டெலிபோன். இத்தாலியக் கடற்படையில் இருந்த நண்பர் சொலாரி மூலம் வந்ததால் அதற்கு இத்தாலியக் கடற்படைக் கோஹீரர் என்று பெயர். 1901 டிசம்பர் 12-ல், அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்தில் மூன்று புள்ளிகள் கொண்ட சிக்னலைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தபோது, காதில் இருந்தது அந்தக் கருவி. அது யாருடையது என்று அப்போதே இத்தாலியிலேயே சண்டை நடந்தது. போஸ் பெயர் அந்தச் சண்டையில் பெரிதாக அடிபடவில்லை. 1998-ல் ஐஇஇஇ அமைப்பின் ஆய்விதழில் பந்தோபாத்யாய் என்பவர் எழுதிய கட்டுரை, அதன் மூலம் போஸின் 1899 கட்டுரைதான் என்று ஆதாரங்களோடு வாதிட்டது.

லண்டனில் அந்த விண்ணப்பத்தை யாரும் தடுக்கவில்லையா? தடுக்கிற ஏற்பாடே இல்லை. அன்றைய பிரிட்டிஷ் பேட்டண்ட் அலுவலகம், வந்த கண்டுபிடிப்பு புதுசுதானா என்று தேடிப் பார்ப்பதில்லை. 1902-ல் சட்டம் வந்து, 1905-லதான் தேடல் ஆரம்பித்தது. அந்தத் தேடலும் பழைய பிரிட்டிஷ் பேட்டண்டுகளுக்குள்தான். ராயல் சொசைட்டி கட்டுரைகள் அதில் வராது. அதே ஊரில் இரண்டு வருஷம் முன்னால் வாசிக்கப்பட்ட கட்டுரை நூலகத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

மார்க்கோனியைத் திருடன்னு சொல்லி முடிச்சுடறதும் சரி இல்ல. பல பேரின் துண்டுகளைச் சேர்த்து, கடல் தாண்டிச் செய்தி அனுப்பும் முழு சிஸ்டத்தைக் கட்டியது அவர் உழைப்பு. 1909-ல் நோபல் பரிசு அவருக்கும் ஜெர்மனியின் பிரவுனுக்கும் போனது. போஸ் எந்த உரிமையும் கேட்டு வழக்குக்குப் போகவில்லை.

இரண்டாவது விண்ணப்பம் வாஷிங்டனில். 1901 செப்டம்பர் 30. கொடுத்தவர், ஆமா, போஸேதான். நான்கு மாதத்தில் என்ன ஆச்சு? நண்பர்கள் விடவில்லை. விவேகானந்தரின் சீடர் நிவேதிதாவும், நார்வே வயலின் கலைஞர் ஓலே புல்லின் மனைவியாக இருந்து விதவையான சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியும் வற்புறுத்தினார்கள். சாரா புல் பொறுப்பை ஏற்றார், பேட்டண்டில் பாதி அவர் பெயருக்கு எழுதப்பட்டது. 1904 மார்ச் 29-ல் அமெரிக்க பேட்டண்ட் எண் 755840 வழங்கப்பட்டது. இந்த முறை பாதரசம் இல்லை; கலீனா என்ற ஈயக் கனிமப் படிகத்தின் மேல் உலோக முனை தொடும் கருவி. ரேடியோ அலை, ஒளி இரண்டையும் அது உணரும். உலகின் முதல் செமிகண்டக்டர் கருவிக்கான பேட்டண்ட் என்று இன்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

போஸ் அதை வைத்து ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. யாருக்கும் லைசென்ஸ் கொடுக்கவில்லை, யார் மேலும் வழக்குப் போடவில்லை. உரிமை அப்படியே காலாவதியானது. 1906-ல் அமெரிக்காவின் பிக்கார்டு சிலிக்கான் டிடெக்டருக்கு பேட்டண்ட் வாங்கினார். பிறகு படிக ரேடியோ வீடு வீடாகப் போனது.

கல்கத்தாவில் இருந்தால் என்ன சிக்கல்?

இங்கே கொஞ்சம் பின்னால் போகணும். 1873-ல் வியன்னாவில் உலகக் கண்காட்சி. தங்கள் கருவியைக் கொண்டுபோய் வைத்தால் வேறு நாட்டுக்காரர்கள் பார்த்துச் செய்துவிடுவார்களே என்று கண்டுபிடிப்பாளர்கள் பலர் வரத் தயங்கினார்கள். பேட்டண்ட் என்பது அந்தந்த நாட்டு எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். அந்தப் பயத்துக்குப் பதிலாக 1883 மார்ச் 20-ல் 11 நாடுகள் பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இரண்டு முக்கிய விதிகள். உறுப்பு நாடுகளின் குடிமக்களை உங்கள் குடிமக்கள் போலவே நடத்த வேண்டும். ஒரு நாட்டில் விண்ணப்பித்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பிக்கும்போது முதல் தேதியே செல்லும். அந்தக் காலம் இப்போது 12 மாதம்.

பிரிட்டனும் அமெரிக்காவும் 1880-களிலேயே சேர்ந்துவிட்டன. பிரிட்டிஷ் இந்தியா உறுப்பு இல்லை. இந்தியாவுக்குத் தனியாக 1888 சட்டம் இருந்தது, கல்கத்தாவில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தத் தேதியைக் காட்டி வாஷிங்டனில் முன்னுரிமை கேட்க ஒப்பந்தத்தில் வழி கிடையாது. அதாவது, கல்கத்தா லேபில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வெளிநாட்டுப் பயணமும், அங்கே பணமும் ஆளும் இருந்தால்தான் உலகப் பதிவேட்டில் இடம். போஸுக்கு ஒரு சாரா புல் கிடைத்தார். எல்லாருக்கும் கிடைப்பாரா?

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியா அவசரப்படவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட பேட்டண்டுகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டவருடையது, அவற்றிலும் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடத்தப்படவே இல்லை என்று காட்டியது. அதன் அடிப்படையில்தான் 1970 சட்டம் வந்தது. கடைசியில் 1998 டிசம்பர் 7-ல் இந்தியா பாரிஸ் ஒப்பந்தத்திலும், ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளுக்கு வழி திறக்கும் பிசிடி ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. போஸ் வாஷிங்டனில் விண்ணப்பித்து 97 வருஷம் கழித்து.

கொடுப்பதற்கும் பதிவு வேண்டும்

போஸின் மீதி வாழ்க்கை செடிகளோடு போனது. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் செய்தார். 1917 நவம்பர் 30-ல், தன் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். இங்கே கண்டுபிடிப்பது எல்லாம் பொதுச் சொத்து, இங்கிருந்து எப்போதும் பேட்டண்ட் எடுக்கப்படாது என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார். 1920-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் காலமானார். 2012-ல் அவரது மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஐஇஇஇ ஒரு மைல்கல்லாக அங்கீகரித்தது.

இப்போ கேள்வி. போஸ் செய்தது சரியா, தப்பா? காலேஜ்ல விவாத மேடை வச்சா ரெண்டு பக்கமும் கை தட்டு விழும். எனக்குப் படுவது வேறு. அவர் வாழ்க்கையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. இரண்டையும் அவர் இலவசமாகத்தான் விட்டார். பாதரசக் கருவி கட்டுரையில் மட்டும் இருந்தது. அது வேறு பெயரோடு உலகம் சுற்றியது, ஆதாரம் தேடிச் சேர்க்க கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. கலீனா கருவிக்கு 755840 என்ற எண் இருந்தது. அதை யாராலும் மாற்ற முடியவில்லை. பணம் வேண்டாம் என்றவருக்கு அந்தப் பதிவு பணம் கொடுக்கவில்லை, சாட்சி சொன்னது. நாமாகக் கொடுத்ததும் நம்மிடமிருந்து போனதும், தேதி போட்ட பதிவு இல்லாவிட்டால் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும்.

இதை நம் நாடு பின்னாளில் மஞ்சளில் கற்றுக்கொண்டது. 1995-ல் காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் ஒரு பேட்டண்ட் வழங்கப்பட்டது. நம்ம பாட்டிகளுக்குத் தெரிஞ்ச விஷயம், ஆனா பாட்டி சொன்னது பேட்டண்ட் அலுவலகத்தில் செல்லாது. சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டிய பிறகு 1997-ல் அது ரத்தானது. அதற்குப் பிறகு உருவானதுதான் பாரம்பரிய அறிவு மின்நூலகம். ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களில் உள்ள முறைகளும் அதில் உலக மொழிகளில் பதிவாகின. ஒப்பந்தம் போட்டு ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்களின் பரிசோதகர்களுக்கு அது திறந்துவிடப்பட்டது. யாருக்கும் விற்பதற்காக அல்ல, எல்லாருக்கும் பொதுவாகவே இருப்பதற்காக. போஸின் ஆசையும் அதுதானே? அதைக் காப்பாற்ற நாடுகள் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு 1901-ல் அவருக்கு இல்லை.

நமக்கு இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல உண்மையிலேயே புதுசா ஒண்ணு வந்திருந்தா, சிம்போசியத்திலோ வீடியோவிலோ காட்டுறதுக்கு முன்னாடி விண்ணப்பிச்சிடுங்க. பல நாடுகளில், முன்பே வெளியானது புதுமை இழந்ததாகத்தான் கணக்கு. பேட்டண்ட் அலுவலகம் இங்கே கிண்டியிலேயே இருக்கு. முதலில் தற்காலிக விண்ணப்பம் கொடுத்தால், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் நேரம். அதே 12 மாதத்துக்குள் பாரிஸ் ஒப்பந்தப்படி வெளிநாட்டுக்கும் போகலாம். பிசிடி வழியில் போனால் எந்தெந்த நாடு என்று முடிவு செய்ய 30 மாதம் வரை அவகாசம். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை உண்டு. சாரா புல் மாதிரி ஒருத்தர் வரணும்னு காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் அதை விக்கிறதா, லைசென்ஸ் கொடுக்கிறதா, போஸ் மாதிரி எல்லாருக்கும் விட்டுடறதா என்பது உங்க இஷ்டம். விட்டுக்கொடுக்கறதா இருந்தாலும், உங்க பேர்ல, தேதியோட ஒரு நம்பர் வாங்கிட்டு விட்டுக்கொடுங்க.